அலமாரியில் இல்லாத முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்

நூலகர் என்றால் நாள் முழுக்கப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பவன் என்று ஊரே நம்புகிறது. நிஜத்தில் அவன் நாள் முழுக்கப் புத்தகத்தைப் பற்றிய விவரத்தை எழுதிக்கொண்டிருக்கிறான், படிக்க அவனுக்கு நேரமே கிடையாது.

யார் எழுதியது, என்ன பேர், எதைப் பற்றியது, எந்த அலமாரி, என்ன எண். இந்த விவரத்துக்குத்தான் மெட்டாடேட்டா என்று பேர். தேனிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியில் அந்த வார்த்தையை முதன்முதலில் உச்சரித்தவன் நான். தொண்ணூற்றெட்டில் பட்டம் வாங்கிய சூட்டோடு போய்ச் சேர்ந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

என்னைப் போலவே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அசடு வழிந்த சக நூலகர்களே, முதல் நாலு சம்பவத்துக்கு நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் வருவதற்குச் சிரிக்க வேண்டாம். எங்கள் நூலக உதவியாளர் வீரணன் அண்ணன் முப்பத்தோரு வருடம் சேர்த்துவைத்த நல்ல பேரை நான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், என்னை "சார்" என்பார். அவருக்குப் புத்தகங்களைத் தெரியும். எனக்கு விவரங்களைத் தெரியும். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மடங்கு

கம்ப்யூட்டர் வந்த புதிது. புத்தகங்களையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும். முறைப்படி என்ன செய்ய வேண்டும்? அக்செஷன் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. புத்தகம் வாங்க வாங்க வரிசையாக எண் போட்டு எழுதுகிற பெரிய பதிவேடு. ஒரு புத்தகத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஏற்றியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் அது தூக்க முடியாத கனம், உள்ளே கோழி கிண்டின மாதிரி கையெழுத்து. பக்கத்திலேயே மர டிராயர்களில் கேட்லாக் கார்டுகள், டைப் அடித்து முத்து முத்தாக இருந்தன. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்த இரண்டு பெண்களிடம் "இதைப் பார்த்து அடிச்சிருங்கம்மா" என்று காட்டிவிட்டு, நான் ஒரு கருத்தரங்கில் கணினிமயமாக்கம் பற்றிப் பேசப் போய்விட்டேன்.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு புத்தகத்துக்கு மூன்று கார்டு உண்டு. எழுதியவர் பேரில் ஒன்று, புத்தகத்தின் பேரில் ஒன்று, பொருளின் பேரில் ஒன்று. எந்த வழியாகத் தேடி வந்தாலும் கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. இதை நான் அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஒரு கார்டுக்கு ஒரு புத்தகம் என்று எல்லா டிராயரையும் அடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆறாயிரம் புத்தகம் பதினெட்டாயிரம் ஆகிவிட்டது. அந்தக் கணக்கை நான் கவனிப்பதற்கு முன்பே கல்லூரி முதல்வர் பார்த்து, ஆண்டுவிழா மேடையில் அறிவித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு அழித்தேன். பேர் அப்படியே ஒத்துப்போனதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். பொருள் கார்டுகளில்தான் சிக்கல். பலதில் பேரைச் சுருக்கி அடித்திருந்தார்கள், எண்ணும் இல்லை. எண் இல்லாவிட்டால் மென்பொருள் தானாகவே ஒன்பதில் தொடங்கும் ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளும். அப்படிக் கொஞ்சம் தங்கிப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அழித்துக்கொண்டிருந்த என்னிடம் வீரணன் அண்ணன் அலமாரிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டார்: "பதினெட்டாயிரம்னு மைக்குல சொன்னாகளே சார், மிச்சப் புத்தகத்துக்கு அலமாரி எப்ப வருது?"

பெருமாள் எடுத்த புத்தகம்

மாணவர்களின் விவரத்தையும் ஏற்றினேன். மென்பொருள் எந்த ஊரில் செய்ததோ, பேருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் என்று வைத்திருந்தார்கள். இரண்டாவதை நிரப்பாவிட்டால் நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பா பேரைப் போட்டு நிரப்பினேன். புத்தகம் திருப்பித் தராதவர்களுக்குத் தானாகக் கடிதம் அச்சாகும் வசதியும் அதில் இருந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று அது இரண்டாவது கட்டத்தில் உள்ள பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். நான் படித்துப் பார்க்காமல் கட்டுக் கட்டாகத் தபாலில் சேர்த்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அன்றைக்குக் கூலி வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முந்தானையில் முடிந்திருந்த கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். 'திரு. பெருமாள் அவர்களுக்கு, தாங்கள் எடுத்துச் சென்ற உயிர் வேதியியல் நூலை உடனடியாகத் திருப்பித் தரவும்.' மகள் எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெருமாள், அவளுடைய அப்பா. கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன இடத்தில் நாலு வருடம் முன்பே இறந்துபோனவர். கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் அந்த அம்மாவுக்கு, மென்பொருளில் இரண்டு கட்டம் இருப்பதையும் அதில் எது எதற்கு என்பதையும் விளக்கினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. பொறுமையாக முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவுக கைநாட்டு சார். புத்தகம் எடுத்தாகன்னு கேட்டதும், எனக்குத் தெரியாம எங்கனயும் உசுரோட இருக்காகளோன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன்."

திராட்சைக்கு வந்த நோய்

வீரணன் அண்ணனுக்குத் தெரிந்தவர் என்றால் வெளியாளும் எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். அப்படிச் சுருளிப்பட்டியிலிருந்து ஒரு திராட்சை விவசாயி வந்தார். தோட்டத்தில் இலையெல்லாம் சாம்பல் தூவின மாதிரி வெளுத்து, பிஞ்சு வெடிக்கிறது என்றார். கையில் ஒரு இலையும் இருந்தது. வீரணன் அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க இருங்கண்ணே, ஒரு விநாடி" என்று நான் கம்ப்யூட்டரைத் திருப்பி விவசாயி பார்க்கும்படி வைத்தேன். 'திராட்சை' என்று அடித்தேன். பூஜ்யம். 'கொடி' என்று அடித்தேன். இரண்டு கவிதைத் தொகுப்பு வந்தது. "நம்ம நூலகத்துல இதப் பத்தி ஒண்ணும் இல்லீங்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

காரணம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எது எதைப் பற்றிய புத்தகம் என்று குறிப்பதற்கு நான் ஒரு தடிமனான அமெரிக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு, தமிழ்ப் புத்தகங்களுக்கும் அதில் இருந்த ஆங்கிலத் தலைப்புகளையே போட்டுவைத்திருந்தேன். திராட்சைக்கு நான் போட்டிருந்தது விட்டிகல்ச்சர். கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு திராட்சை என்ற சொல்லே இல்லாத ஒரு பட்டியல் தயாரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அதற்குள் வீரணன் அண்ணன் உள்ளே போய், பழப்பயிர் பாதுகாப்பு பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தையும் பிரித்து நீட்டினார். படத்தில் இருந்த இலையும் விவசாயி கையில் இருந்த இலையும் ஒன்று. நான் கோப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். விவசாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீரணன் அண்ணனிடம் கேட்டார்: "பொட்டியில இல்லேன்னு சார் சொல்றாக, அலமாரியில இருக்குன்னு நீங்க எடுத்துத் தாரீக. நான் யாரு சொல்றத நம்பட்டும்ணே?"

இதர

வெளியூரிலிருந்து பேராசிரியர்கள் குழு ஒன்று கல்லூரியைப் பார்வையிட வந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தேன். எந்தத் துறைக்கு எத்தனை புத்தகம் என்று கலர் கலராகப் பட்டை போட்டுக் காட்டும் ஒரு பக்கத்தைத் தயாராக வைத்திருந்தேன். அதைத் திறந்ததும் வேதியியல் ஒரு விரலளவு, வரலாறு இரண்டு விரலளவு, ஒரே ஒரு பட்டை மட்டும் திரையின் உச்சிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது. அதன் பேர் 'இதர'. எதைப் பற்றிய புத்தகம் என்று எனக்குப் புரியாதபோதெல்லாம், பிரித்துப் பார்க்கச் சோம்பல்பட்டு, அந்தக் கட்டத்தில் தள்ளிவிட்டவை.

இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் அறிக்கையில் எங்கள் நூலகத்தை 'முழுதும் கணினிமயமானது' என்று ஒரு வரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வரியைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, என் நாற்காலிக்கு மேலே மாட்டிக்கொண்டேன். அந்தப் பட்டையைப் பார்த்தபோது குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டது மட்டும் அறிக்கையில் வரவில்லை: "உங்க கல்லூரியில இதரன்னு ஒரு துறை இருக்கறது எனக்குத் தெரியாதே, அதுக்கு யாரு தலைவர்?"

சாவி வைத்திருந்தவர்

இரண்டாயிரத்து ஏழில் வீரணன் அண்ணன் ஓய்வு பெற வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நூலகத்தில் வேலை பார்த்தவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் புத்தகங்களை முழுக்க எண்ணிச் சரிபார்ப்பார்கள். குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால், பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு நோ டியூ சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால்தான் மற்ற காகிதங்கள் நகரும். அது இல்லாமல் வெளியே போனவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு. வணிகவியல் பேராசிரியர் தலைவர். நான் கம்ப்யூட்டரிலிருந்து முழுப் பட்டியலையும் அச்செடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் அலமாரி அலமாரியாக எண்ணினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம் இல்லை. வீரணன் அண்ணன் பட்டியலை வாங்கி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். "இதெல்லாம் அலமாரியில இருக்கே சார்" என்றார். அலமாரியில் இருப்பது ஒரு பிரதி, பட்டியலில் இரண்டு பிரதி இருக்கிறது, இரண்டாவது எங்கே என்று கேட்டார்கள். "இதுக்கெல்லாம் ரெண்டாவது பிரதி நாம வாங்கவே இல்லையே. பரண்ல பழைய ரிஜிஸ்டர் கெடக்கு, எடுத்துப் பாருங்க" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மேலே கண்ணாடிச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. "அந்த ரிஜிஸ்டர் முழுமையில்ல. அன்பளிப்பா வந்த புத்தகம் அதுல ஏறியிருக்காது. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது" என்றேன். சத்தியமாக, அந்த நேரத்தில் நான் அதை நம்பித்தான் சொன்னேன். வீரணன் அண்ணன் பட்டியலைத் திரும்ப மேஜையில் வைத்தார். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னார்: "முப்பத்தோரு வருசமா சாவி அவர் கையிலதான இருந்துச்சு?"

பரணில் இருந்தது

மறுநாள் மனசு கேட்காமல் நானே ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். பதிவேட்டை இறக்கித் தூசி தட்டி, காணாமல் போன பட்டியலில் முதல் பத்தை ஒப்பிட்டேன். பத்துக்கும் ஒரே ஒரு பிரதிதான் வாங்கியிருந்தார்கள். அப்போதுதான் பட்டியலில் இருந்த எண்களைக் கவனித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டும் ஒன்பதில் தொடங்கின. மென்பொருள் தானாகப் போட்ட எண்கள். பொருள் கார்டிலிருந்து பிறந்து, நான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, மறந்தே போன அதே மிச்சங்கள். அந்தப் புத்தகங்கள் தொலையவில்லை, இருந்ததே இல்லை.

அப்போதே எழுந்து முதல்வர் அறைக்குப் போயிருக்க வேண்டும். இருபதடி தூரம். போகவில்லை. அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்காணல் இருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது, நன்றாகவே முடிந்தது. ஆணை வரட்டும் என்று நினைத்தேன். பதிவேட்டைத் திரும்பப் பரணில் ஏற்றிவைத்தேன், இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும். கேண்டீனில் "வீரணன் வித்துட்டாராம்ல" என்று பேசிக்கொண்டார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிரிவு உபசார விழா வந்தது. வழக்கமாகச் சர்டிபிகேட்டை மேடையிலேயே கொடுப்பார்கள். அன்றைக்கு ஒரு சால்வையைப் போர்த்தி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பேசச் சொன்னபோது வீரணன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் கலைந்ததும் நேரே என்னிடம் வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை: "தம்பி, இவுக சாப்புட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? கூடவே இருந்து பாத்தவுக நீங்க. நீங்களாச்சும் ஒரு வார்த்த நல்லதாச் சொல்லக்கூடாதா?"

இரண்டு கட்டைப்பை

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், வீரணன் அண்ணன் இரண்டு கையிலும் கட்டைப்பையோடு நூலகத்துக்கு வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். என் மேஜையில் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பத்தொன்பது. காணாமல் போன பட்டியலின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கெங்குவார்பட்டி, வடுகபட்டி, பண்ணைப்புரம் என்று பழைய மாணவர்களின் வீடு வீடாகப் போயிருக்கிறார். எந்த மாணவன் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. பட்டியலைப் பார்த்தவர்கள், தங்களிடம் சொந்தமாக இருந்த அதே புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரித்துப் பார்த்தேன். எதிலும் எங்கள் முத்திரை இல்லை. ஒன்றில் 'என் அன்பு மகனுக்கு' என்று எழுதியிருந்தது. ஒன்றில் பரீட்சைக்குப் படித்துக் கோடு போட்டிருந்தார்கள். "நம்ம முத்திரை இல்லதான் சார். ஆனா பேரு ஒத்துப்போகுது. பட்டியல்ல டிக் பண்ணிக்கிருவமா?" என்றார். ஒரு நாள் தாமதமாகப் புத்தகம் கொடுத்தாலும் விதி விதிதான் என்று நிற்கிறவர். நான் செய்த காரியத்தால் அவர் என்னிடம் வந்து பொய்யாக டிக் போடச் சொல்லிக் கேட்கும்படி ஆகிவிட்டது. பட்டியலில் மட்டும் இருந்த என் புத்தகங்களுக்கு ஈடாக ஊரார் வீட்டிலிருந்து புத்தகம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

என்னால் முடியவில்லை. "அண்ணே, ஒரு புத்தகமும் தொலையல. ஒண்ண ரெண்டா எழுதி வச்சது நான்தான்" என்று ஆரம்பித்து, கார்டு, டிராயர், ஒன்பதில் தொடங்கும் எண், பரண் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எனக்கு இது எப்போது தெரியும் என்று. பட்டியல் வந்த மறுநாளே என்றேன். திட்டுவார், திட்டட்டும் என்று இருந்தேன். அவர் மேஜையில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வேட்டி நுனியால் துடைத்துத் திரும்பப் பையில் வைத்தார். வைத்துவிட்டு இரண்டு பையையும் என் பக்கம் நகர்த்தினார்: "அப்ப இந்தப் பத்தொம்போது வீட்லயும் போயி யாரு சார் சொல்றது?"

பத்தொன்பது வீடு

அன்றைக்கே முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். குழுவுக்கு முன்னால் பதிவேட்டை வைத்து வரி வரியாகக் காட்டினேன். என் பதவி உயர்வு நின்றது, மெமோ வந்தது, கண்ணாடிச் சட்டத்தை நானே கழற்றினேன். அந்த வாரமே சர்டிபிகேட்டில் கையெழுத்தாகி, முதல்வரே அதை வீரணன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கேண்டீனில் பேசினவர்கள் யாரும் போகவில்லை. என்னையும் வரச் சொல்லவில்லை.

எந்தப் புத்தகம் எந்த வீட்டுடையது என்று வீரணன் அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "புத்தகம் தொலையலங்க, வீரணன் அண்ணன் மேல தப்பில்ல, தப்பு என்னோடது" என்று சொல்ல வேண்டும். முதல் வீட்டில் பாதியிலேயே நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்கிற ஒருவர், மூட்டைமேல் உட்காரவைத்து, வேலையாட்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் ஒருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வீரணன் திருடிவிட்டார் என்ற பேச்சு அந்த ஊர்வரைக்கும் வந்திருந்ததாம். பண்ணைப்புரத்தில் ஒரு பெண் டீச்சர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினார். அவர் செய்தது சரி.

கடைசி வீடு கெங்குவார்பட்டி. எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இளைஞர். 'என் அன்பு மகனுக்கு' என்று எழுதியிருந்த புத்தகம் அவருடையது. கையில் வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டார். பதினெட்டு வீட்டில் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகியிருந்ததால், மளமளவென்று ஒப்பித்தேன். வீரணன் அண்ணன் உங்களிடம் புத்தகம் கேட்கும்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்: "அண்ணன் எங்ககிட்டப் புத்தகமே கேக்கல சார். வந்து உக்காந்து, 'நான் எடுக்கலேன்னு நீ நம்புறியாப்பா'ன்னு மட்டும்தான் கேட்டாக. புத்தகத்த நாங்களாத்தான் குடுத்து விட்டோம்."

ஆக, கட்டம் கட்டமாக விவரம் எழுதியே காலம் தள்ளிய என் தொழிலில், ஒன்றும் கூடாமல் ஒன்றும் குறையாமல் நான் சரியாக எழுதிவைத்திருக்கும் ஒரே பட்டியல், நான் மன்னிப்புக் கேட்ட அந்தப் பத்தொன்பது பேருடையதுதான்.